தகடு எண் பதினேழு

நேற்றைவிட நான்கு மில்லிமீட்டர் கீழே.
எழுதிக்கொண்டேன்.
ரஃபீக் அளவுகோலைப் பிடித்து நிற்க
நான் கருவிக்குள் ஒற்றைக்கண்ணால் பார்த்த இடம்
சென்ற மார்ச்சில் கடல்.
படகில்தான் வந்து பார்த்தோம் அப்போது.
ரஃபீக்குக்கு வாந்தி.

கொட்டிய மணல் உடனே நிலமாகிவிடாது.
மேலே இன்னும் மணலைக் குவித்து அழுத்தி
அடிக் களிமண்ணின் தண்ணீரைப் பிழிந்து
அது இறங்கி இறங்கி அலுத்துப்போகும்வரை
காத்திருக்க வேண்டும்.
காத்திருப்பதை எண்ணாக எழுதத்தான் எனக்குச் சம்பளம்.

வேலிக்கு அந்தப்புறம் ஓங் வருவாள்,
இரவெல்லாம் டாக்சி ஓட்டிவிட்டு
தூண்டிலும் ஐஸ் பெட்டியுமாக.
பேருந்து நிறுத்தத்திலிருந்து தண்ணீருக்கு
முன்பு முந்நூற்று நாற்பது காலடியாம்.
இப்போது ஆயிரத்து நூறு.
"அடுத்த வருஷம் மீட்டர் போட்டுக்கிட்டுத்தான்
மீன் பிடிக்க வரணும்" என்கிறாள்.
மீனும் முன்பு மாதிரி இல்லை.
கொடுவாய்க்குக் காத்திருந்தால் சொறிமீன் வருகிறது.
விடியற்காலையிலேயே தண்ணீர்
மறந்துவைத்த கோப்பியின் சூட்டில் இருக்கிறது.

உயர்நிலை இரண்டில் ஐந்து திணையும் மனப்பாடம்.
கடலைச் சார்ந்தது நெய்தல். சரி.
கடலாய் இருந்தது?
முல்லையும் குறிஞ்சியும் காய்ந்து திரிந்தால் பாலை என்று
அதற்கொரு பெயராவது வைத்தார்கள்.
நெய்தல் திரிந்தால் என்னவென்று
வகுப்பில் யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் தேர்வுக்கு வராது.
எங்கள் படிவத்தில் அதன் பெயர்
மனை 4, கட்டம் ஆ.

நிழலில்லை. புல்லில்லை.
யாரும் நடாத சவுக்கு மட்டும் முழங்கால் உயரம்.
அப்புறம், ஏப்ரல் எட்டாம் தேதி, ஆலா.

மஞ்சள் மூக்கு, கறுத்த உச்சி,
ஒரு கைப்பிடி வெள்ளை.
பதினேழிலிருந்து இரண்டே எட்டில்
வெறும் மணலில் இரண்டு முட்டை.
கூடென்று ஒன்றில்லை,
யாரோ கட்டைவிரலால் அழுத்தியதுபோல் ஒரு பள்ளம்.
குலுக்கல் இல்லை, வரிசை எண் இல்லை, முன்பணம் இல்லை,
எல்லாருக்கும் முன்னால் குடிவந்துவிட்டது.

ரஃபீக் கோலோடு போனால் எழுந்து
அவன் தொப்பியைக் குறிவைத்துக்
கத்திக்கொண்டே பாய்கிறது.
அந்த நேரமெல்லாம் முட்டைமேல் வெயில்.
எத்தனை நிமிடம் தாங்கும், எனக்குத் தெரியாது.
லாரி வரும் பாதையில் நான்கு ஆரஞ்சுக் கூம்புகளை வைத்தான் ரஃபீக்.
யார் வைத்தது என்றார் மேற்பார்வையாளர் சுகுமாறன்.
அங்கேதான் இருந்தன என்றோம்.

பத்தொன்பது நாள்
பதினேழின் அளவை நானே எழுதினேன்.
மூன்று, மூன்று, இரண்டு, மூன்று.
நம்பும்படி ஒருநாள் நான்கு.
வரைபடத்தில் கோடு அழகாகச் சாய்ந்தது.
ஒன்பது ஆண்டு வேலையில் என் முதல் பொய்.
வீட்டில்கூடச் சொல்லவில்லை.

பிறகு பௌர்ணமி ஓதம். கூடவே மழை.
பழைய கரையில், பூங்காவின் கார் நிறுத்தத்தில்
கடல் வந்து நின்றது.
ஓங் படம் அனுப்பினாள்,
டாக்சிச் சக்கரம் பாதிவரை தண்ணீர்.
"இன்னைக்கு ஆறு காலடிதான்."

காலையில் பள்ளத்தைக் காணோம்.
மழை மணலைச் சமமாக வாரிவிட்டிருந்தது.
ஓட்டுத் துண்டு ஒன்றுகூட இல்லை.
பொரித்து நடந்தனவா, அடித்துப் போயினவா?
தலைக்கு மேல் ஓர் ஆலா கத்திக்கொண்டிருந்தது,
அதுதானா என்றும் தெரியவில்லை.

ரஃபீக் கோலை வைத்தான்.
பார்த்தேன்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தேன்.

என் பொய்யைவிடப்
பதினோரு மில்லிமீட்டர் கீழே இருந்தது நிலம்.